தடுப்பூசி காப்புரிமை: கேளுங்கள், சொல்கிறேன்

காப்புரிமைச் சட்டம்தான் என் தொழில். கொரோனா காலத்துச் சண்டை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

செந்தில்: சார், 2020இல் இந்தியா ஜெனீவாவில் கேட்டது என்ன? ஃபார்முலாவை இலவசமாகத் தாருங்கள் என்றா?

இல்லை. அக்டோபர் 2 அன்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பில் வைத்த கோரிக்கை வேறு. அறிவுசார் சொத்துரிமை பற்றிய அந்த அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் சில பகுதிகளைத் தொற்று அடங்கும்வரை நிறுத்தி வையுங்கள் என்றார்கள். காப்புரிமை மட்டுமல்ல, வணிக ரகசியம், பதிப்புரிமை, தொழில் வடிவமைப்பு எல்லாம் அதில் அடக்கம். பொருளும் தடுப்பூசி மட்டுமல்ல. மருந்து, பரிசோதனைக் கருவிகளும் உண்டு. கிடைத்திருந்தால், அவரவர் நாட்டில் தயாரிப்பதை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் யாரும் வழக்காட முடியாது. ஆனால் செய்முறையைக் கொடு என்று எந்த நிறுவனத்தையும் அது கட்டாயப்படுத்தாது.

மேரி: கடைசியில் கிடைத்ததா?

பாதிகூட இல்லை, மேடம். 2021 மே 5 அன்று அமெரிக்கா திடீரென்று ஆதரித்தது, அதுவும் தடுப்பூசிக்கு மட்டும். ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் பிடி தளர்த்தவில்லை. இழுத்து இழுத்து 2022 ஜூன் 17 அன்று ஒரு முடிவு வந்தது. கட்டாய உரிமத்தில் தயாரிக்கும் பொருளில் பெரும்பகுதி உள்நாட்டுக்கே என்ற நிபந்தனையை, தடுப்பூசிக்கு மட்டும், 5 ஆண்டுகளுக்குத் தளர்த்தினார்கள். அதற்குள் சீரம் நிறுவனமே ஆர்டர் இல்லாமல் கோவிஷீல்ட் உற்பத்தியை நிறுத்தியிருந்தது! மருந்துக்கும் பரிசோதனைக் கருவிக்கும் நீட்டிக்கும் பேச்சு 2024 பிப்ரவரியில் முடிவின்றி முடிந்தது.

பார்மசி மாணவி: கட்டாய உரிமம் என்றால்?

காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும், ராயல்டி கொடுத்துவிட்டு வேறொருவர் தயாரிக்க அரசு அனுமதிப்பது. இந்தியாவில் இதுவரை ஒரே ஒரு முறை. 2012 மார்ச்சில் பேயரின் நெக்சவார் என்ற புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ நிறுவனம் வாங்கியது. மாதம் சுமார் 2.8 லட்ச ரூபாய் ஆன மருந்து 9,000 ரூபாய்க்குள் வந்தது.

கார்த்திக்: மாடர்னாதான் காப்புரிமை வழக்கு போடமாட்டோம் என்றதே? பிறகு என்ன தடை?

சொன்னது, 2020 அக்டோபரிலேயே. ஆனால் காப்புரிமை ஆவணத்தைப் படித்து எம்ஆர்என்ஏ தடுப்பூசியைத் தொழிற்சாலை அளவில் செய்துவிட முடியாது. கொழுப்புத் துகள்களுக்குள் எம்ஆர்என்ஏ என்ற மரபணுச் செய்தியை ஒரே சீராகப் பொதிவது, தரம் சோதிப்பது போன்ற அனுபவ அறிவெல்லாம் நிறுவனத்துக்குள்தான் இருக்கிறது. கேப் டவுனில் அஃப்ரிஜென் நிறுவனம் மாடர்னா உதவியில்லாமல், பொதுவெளியில் இருந்த மரபணு வரிசையை வைத்து 2022 தொடக்கத்தில் அந்தத் தடுப்பூசியை ஆய்வக அளவில் செய்து காட்டியது. பெரிய சாதனைதான். ஆனால் அங்கிருந்து கோடிக்கணக்கான டோஸ் வரை வெகுதூரம். அதே ஆண்டு ஆகஸ்டில் மாடர்னாவே ஃபைசர் மீது வழக்கும் போட்டுவிட்டது என்பது தனிக்கதை.

அதற்காகக் காப்புரிமை பொருட்டே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வழக்கு வருமோ என்ற பயம் இருந்தால் யாரும் தொழிற்சாலையில் பணம் போட மாட்டார்கள்.

ரவி: செங்கல்பட்டு தடுப்பூசி வளாகம் சும்மா கிடந்ததும் காப்புரிமையாலா, அண்ணா?

இல்லை தம்பி. அது மத்திய அரசின் வளாகம். 2021 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, தமிழக அரசுக்குக் குத்தகைக்குத் தாருங்கள் என்று கேட்டார். அங்கே சிக்கல் நிதியும் நடத்துபவரும் கிடைக்காததுதான்.

லதா: ஜெனீவாவில் கேட்ட அரசு, உள்நாட்டில் ஏன் கட்டாய உரிமம் தரவில்லை?

சரியான கேள்வி. நம் காப்புரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு அவசர நிலையில் கட்டாய உரிமம் தருவதற்கென்றே இருக்கிறது. 2021 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமும் அதைச் சுட்டிக்காட்டியது. அந்த அதிகாரத்தை இப்போது பயன்படுத்தினால் உலக அரங்கில் நடக்கும் முயற்சி கெடும், மருந்துத் தட்டுப்பாட்டுக்கு முக்கியக் காரணம் மூலப்பொருள் கிடைக்காததுதான் என்று மத்திய அரசு பதில் தந்தது. தடை காப்புரிமையில் இல்லை, மூலப்பொருளிலும் உற்பத்தித் திறனிலும்தான் என்பதைத்தான் பெரிய மருந்து நிறுவனங்கள் ஜெனீவாவில் நமக்கு எதிராகச் சொல்லிக்கொண்டிருந்தன.