இசை இலக்கணம் கற்றால் கிட்டாரில் உயிர் போய்விடுமா?

"இலக்கணம் படிக்கப் படிக்க வாசிப்பில் உணர்வு வற்றிவிடும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பத்து ஆண்டுகள் அப்படித்தான் நம்பினேன். ராயபுரத்தில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில், காதால் கேட்டே கிட்டார் பழகியவன் நான்.

ஒரு டிசம்பர் இரவு, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போனோம். பாடுகிற அக்கா, "தொண்டை கட்டியிருக்கிறது தம்பி, ஒரு கட்டை இறக்கிக்கொள்" என்றார். கட்டை என்பது சுருதியின் அளவு. எனக்கு அந்தப் பாட்டு ஏ மைனரில், அதாவது ஆறு கட்டையில் மட்டுமே தெரியும்; அவர் கேட்டது ஐந்து கட்டை, ஜி மைனர். எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வியான கேப்போ சுருதியை ஏற்றும், இறக்காது. கிட்டார் கழுத்தின் மூன்றாம் ஃபிரெட்டில், அதாவது மூன்றாம் கட்டத்தில், கேப்போ போட்டு ஈ மைனர் பிடித்தால் ஜி மைனர் வந்துவிடும் என்று அன்று தெரியவில்லை. நான்கு வீடுகளில் அவர்கள் கைத்தாளத்திலேயே பாடினார்கள். நான் கிட்டாரோடு பின்னால் நடந்தேன்.

ஜனவரியில் பெரம்பூரில், ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டரிடம் சேர்ந்தேன். முதல் நாள் அவர் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. "ஈ மைனர் கார்டு பிடி, பிறகு ஏ மைனருக்குப் போ" என்றார். கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள். போனேன். "இப்போது மூன்றாம் கம்பியின் முதல் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலையும் வைத்துவிட்டுப் போ."

ஒரே ஒரு விரல். ஈ மைனர் ஈ மேஜராகிவிட்டது. அடுத்து ஏ மைனர் ஒலித்தபோது, வெகுநேரம் அலைந்து வீட்டு வாசற்படியை மிதித்ததுபோல் இருந்தது. விரலடியில் ஒலித்தது ஜி ஷார்ப்; ஏ சுரத்துக்கு ஒரு ஃபிரெட்தான் குறைவு என்பதால் மேலே போய்ச் சேரத் தவிக்கிறது. நம் கர்நாடக இசைக் கணக்கில், நடபைரவி ராகத்தின் கைசிகி நிஷாதம் (தாழ்ந்த 'நி') கீரவாணி ராகத்தின் காகலி நிஷாதமாக (உயர்ந்த 'நி') மாறுகிறது. எத்தனையோ பாடல்களில் இந்த இடத்தில் காரணம் தெரியாமல் கண் கலங்கியிருக்கிறேன். காரணம் தெரிந்த பிறகும் கலங்குகிறது.

புத்தகம் தொடாமலே கானா பாடுகிறவர்களைக் காட்டி என்னோடு வாதாடுபவர்கள் உண்டு. சாவு வீடுகளில் விடிய விடிய உட்கார்ந்து அவர்கள் காதில் ஏற்றிக்கொண்டதும் படிப்புதான். அதை நான் குறைவாக நினைக்கமாட்டேன்.

தேர்வுக்காக மட்டும் ஸ்கேல்களை ஒப்பிப்பதில் எனக்கும் நம்பிக்கை இல்லை. உங்களை உலுக்குகிற ஒரு பாட்டை எடுங்கள். எந்த இடம் உலுக்குகிறதோ, அங்கே எந்தச் சுரம் ஒலிக்கிறது என்று கம்பியில் தேடுங்கள். கையில் அகப்பட்ட பிறகு அதன் பெயரைப் படியுங்கள்.