குழந்தைக்குக் கை மாற்று அறுவை சிகிச்சை செய்தபின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

இறந்த ஒருவரின் கையை, எலும்பு, ரத்தக் குழாய், தசைநார், நரம்பு எல்லாவற்றோடும் சேர்த்துப் பொருத்துவதுதான் கை மாற்று. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் 2015 ஜூலையில் 8 வயது சயான் ஹார்விக்கு இரண்டு கைகளும் இப்படிப் பொருத்தப்பட்டன.

விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவை குழந்தையின் சொந்தத் தசைகள் என்பதால் விரல் அசைவு சில நாட்களிலேயே வந்துவிடும். தொடு உணர்ச்சி அப்படி இல்லை. புதிய கையில் இருக்கும் நரம்பு வெறும் பந்தல் மாதிரி. குழந்தையின் நரம்புதான் கொடியாக அதில் ஏற வேண்டும். ஏறும் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்! விரல் நுனிக்குப் போய்ச்சேர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சூடு, வெட்டுக்காயம் எதுவும் சரியாகத் தெரியாது. பெரியவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

அப்புறம் பயிற்சி. சட்டை போடுவது, ஸ்பூன் பிடிப்பது, எழுதுவது என்று தினமும். கையில்லாமலே சமாளிக்கப் பழகிய பிள்ளைக்கு இது சலிப்பாக இருக்கும். விளையாட்டாக மாற்றினால்தான் நடக்கும். 18 மாதங்களில் அந்தச் சிறுவன் தானே எழுதினான், சாப்பிட்டான், உடுத்தினான்.

"கைதான் நன்றாக வேலை செய்கிறதே, மாத்திரையை நிறுத்தலாமே" என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது: உடல் அந்தக் கையை எத்தனை வருடமானாலும் அந்நியமாகவே பார்க்கும், எதிர்ப்பை அடக்கும் மருந்து ஆயுள் முழுக்க வேண்டும்.