புத்தி தெளிவாக, விவரத்தோடு இருப்பவரை உங்கள் ஊர்ப் பக்கம் எப்படிச் சொல்வீர்கள்?

கேட்டவர் ‘மனநிலை சரியாக இருக்கிறது, விவரமாக நடந்துகொள்கிறார் என்பதற்குப் பேச்சில் என்னென்ன சொற்கள் உண்டு, எதை எங்கே சொல்வது’ என்று கேட்டிருக்கிறார். எனக்குப் பாளையங்கோட்டை, அதனால் திருநெல்வேலிப் பேச்சை வைத்தே சொல்கிறேன்.

எங்களிடம் புத்தி கெட்டவனைத் திட்டத்தான் சொல் கொட்டிக் கிடக்கிறது. நன்றாக இருப்பவனைப் பார்த்து ‘இவனுக்குப் புத்தி நல்லா இருக்கு’ என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால், இதற்கு முன்னால் என்னவோ இருந்திருக்கிறது போல என்று கேட்கிறவர் நினைத்துக்கொள்வார், பொண்ணு பார்க்க வந்த இடமாக இருந்தால் காப்பியோடு எழுந்துவிடுவார்.

முதலில் கோட்டி. பைத்தியம் என்பதற்கு எங்கள் சொல். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமும் உண்டு, வடக்கே போகப் போகப் பலருக்குப் புரியாது. ‘ஏல, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?’ என்றால் உனக்கு நல்ல புத்திதானே, பிறகு ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்பதுதான். நிஜமாகவே மனம் பாதித்தவரிடம் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். பேரனைக் கொஞ்சும்போதும் ‘கோட்டிக்காரப் பய’ வரும், கிரிக்கெட் பார்த்துக்கொண்டே சோறு தின்ன மறந்தவனுக்குக் ‘கிரிக்கெட் கோட்டி’ என்று பெயர். லூசு, மறை கழண்டவன், கீழ்ப்பாக்கம் கேஸ் எல்லாம் சினிமா வழியாக இங்கேயும் வந்துவிட்டன. சென்னையின் மனநலக் காப்பகம் இருப்பது கீழ்ப்பாக்கத்தில். ஒரு ஆஸ்பத்திரி இருக்கிற பேட்டையின் பெயரையே வசவாக்கிவிட்டோம், அங்கே குடியிருக்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

அடுத்து கூறு. ‘கூறுகெட்டவன்’, ‘கொஞ்சமாவது கூறு இருக்கா?’ கூறு என்றால் பங்கு, பிரிவு. இது இது, அது அது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் புத்தி என்ற எண்ணம் உள்ளே இருக்கிறது, பகுத்தறிவிலும் அதே பகுத்தல்தான். ஆனால் பகுத்தறிவு என்ற சொல்லைப் பாவம் வீட்டுப் பேச்சில் பயன்படுத்தவே முடியாது. ‘அண்ணாச்சி பகுத்தறிவு பேசுறவரு’ என்றால் அண்ணாச்சி கோயிலுக்கு வரமாட்டார், கோயில் திருவிழாவுக்குக் கொடை வரி கேட்டுப் போகாதே என்று அர்த்தம்.

நல்லதாகச் சொல்ல உள்ள சொல் விவரம். பேச்சில் வெவரம். ‘எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து’ என்று சொல்லாத ஆளே கிடையாது. பிள்ளைக்கு நல்லது கெட்டது புரிய ஆரம்பித்ததும் ‘வெவரம் வந்துட்டு’ என்பார்கள். ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. ‘நல்ல வெவரமான ஆளுவே அவரு’ என்று குரலை இழுத்துச் சொன்னால், ஓட்டலில் பில் வரும் நேரம் பார்த்துக் கை கழுவப் போகிற ஆள். குரலைக் கேட்டால்தான் எது என்று தெரியும், எழுத்தில் தெரியாது. சமத்து, பக்குவம், சூதானம் எல்லாம் இருக்கின்றன. சமத்து குழந்தைக்கு, பக்குவம் வயதுக்கு, சூதானம் ஊருக்குக் கிளம்புகிறவனுக்கு.

‘நல்ல மனநிலை’ என்று வாய்விட்டுச் சொல்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிந்து உண்டு: பத்திரம். ‘நல்ல நினைவுடனும், பூரண புத்தித் தெளிவுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும், மனப்பூர்வமாகச் சம்மதித்து’ என்று பத்திர எழுத்தர் மூச்சு விடாமல் வாசிப்பாரே, அது. எங்கள் ஆச்சி உயிலைப் பதிய உடன் போயிருந்தேன். சார்பதிவாளர், “இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாம்மா?” என்று கேட்டார். அவர் கேட்பது முறைதான், ஆச்சிக்குத்தான் கோபம் வந்துவிட்டது. “தெரியாமலா இந்த வெயில்ல ஆட்டோ பிடிச்சு வந்திருக்கேன்? வீடு பெரியவனுக்கு, கீழ வயலு சின்னவனுக்கு, கம்மல் ரெண்டும் மக வயித்துப் பேத்திக்கு. எனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?” சாட்சிக்கு வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஆச்சி சொன்னதுதான் சட்டமும் கேட்பது. என்னிடம் என்ன இருக்கிறது, யாருக்குக் கொடுக்கிறேன் என்று தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59ஆவது பிரிவு, வழக்கமாக மனம் சரியில்லாதவர்கூடத் தெளிவாக இருக்கும் இடைவேளையில் உயில் எழுதலாம் என்கிறது. குடியாலோ நோயாலோ என்ன செய்கிறோம் என்று தெரியாத நிலையில் எழுதினால் செல்லாது. இதை ஏன் இழுக்கிறேன் என்றால், மனநோய் வேறு, புத்தித் தெளிவு இல்லாமை வேறு. எங்கள் ஊர் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு ஒழுங்காகக் கடை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவருக்கு மனநோய் என்று கண்டறிந்தாலே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அதைத் தகுதியுள்ள நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்கிறது. பழைய பேப்பரில் வரும் ‘சித்த சுவாதீனம் அற்றவர்’ போய் ‘மனநலம் பாதிக்கப்பட்டவர்’ வந்திருக்கிறது, நல்லதுதான். நீங்கள் எழுதுவதாக இருந்தாலும் அதையே எழுதுங்கள், கோட்டி வேண்டாம்.

அப்புறம் தெளிவு, நிதானம். புத்தகத்தில் இரண்டும் அழகான சொற்கள். எங்கள் பக்கம் இரண்டும் டாஸ்மாக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. ‘அவன் நெதானத்துல இல்ல’ என்றால் குடித்திருக்கிறான். ‘காலையில தெளிஞ்ச பொறவு பேசிக்கிடலாம்’ என்றால் என்ன தெளிய வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை விசாரிக்கிற இடத்தில் ‘பையன் நெதானமான பையன்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டால், பெண் வீட்டார் அதற்கு மேல் தோண்டாமல் சம்பளத்தைக் கேட்கப் போய்விடுவார்கள்.