பயறு சேரவில்லையா, வேகவைக்கும் விதம் சரியில்லையா?

கேள்வி: எனக்கு 49 வயது. கொலஸ்ட்ரால் அதிகம் என்று டாக்டர் சொன்னதால் இரண்டு மாதமாக அசைவம், பால் இரண்டையும் விட்டுவிட்டேன். காலையில் முளைகட்டிய பயறு பச்சையாக, மதியம் சாம்பாருடன் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவு மூன்று சப்பாத்தி, ராஜ்மா அல்லது மீல் மேக்கர் குருமா. டீக்குப் பதில் சோயா பால். சாயங்காலம் 4 மணிக்கெல்லாம் வயிறு பானைபோல ஊதிவிடுகிறது. ஆபீஸில் உட்கார முடியவில்லை. "இந்த உணவு உங்கள் உடம்புக்குச் சேரவில்லை, ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்" என்கிறார் தெரிந்த டயட் ஆலோசகர். குடல் சுத்தம் செய்யும் பவுடரும் தருகிறார். மெடிக்கலில் வாங்கிய கேஸ் மாத்திரையைத் தினமும் வெறும் வயிற்றில் போடுகிறேன். இந்த உணவை விட்டுவிடலாமா? (ஈரோடு வாசகி)

பதில்: விட வேண்டாம். நீங்கள் சொல்லும் ஊதல் குடல் கெட்டதற்கு அடையாளம் அல்ல. அளவையும் சமைக்கும் முறையையும் மாற்றினால் மூன்று, நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றை உடைக்கும் என்சைம் மனிதக் குடலில் கிடையாது. உங்களுக்கு மட்டுமல்ல, யாருக்குமே கிடையாது. அதனால் "உங்கள் உடம்புக்குச் சேரவில்லை" என்ற பேச்சே தப்பு. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் இந்தச் சர்க்கரைகளை அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கின்றன. அப்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்ஸைடும், சிலருக்கு மீத்தேனும் உண்டாகும். சாப்பிட்டது அங்கே போய்ச் சேர நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். ஆக, 4 மணி ஊதலுக்குக் காரணம் காலைப் பயறும் அதன்மேல் போட்ட மதியச் சுண்டலும்தான். ஒரு நாளைக்கு 10 முதல் 20 தடவை காற்றுப் பிரிவது இயல்பு. அதற்காகப் பயப்பட வேண்டாம்.

முதலில் அளவைக் குறையுங்கள். முதல் வாரம் வெந்த பயறு கால் கப், ஒரே வேளை. இரண்டாம், மூன்றாம் வாரம் அரை கப். நான்காம் வாரத்திலிருந்து வேண்டுமானால் இரண்டு வேளை. மற்ற வேளைக்குப் பாசிப்பருப்பு, மசூர் பருப்பு போதும்; தோல் நீக்கி உடைத்த பருப்பில் தொல்லை குறைவு. இந்த ஏற்றத்தை அவசரப்படுத்த வேண்டாம். பெருங்குடல் பாக்டீரியாக்கள் புதுத் தீனிக்குப் பழகச் சில வாரங்கள் எடுக்கும்.

அடுத்தது ஊறவைப்பது. 100 கிராம் கொண்டைக்கடலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 12 மணி நேரம், நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். அந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரைபவை; ஊறிய தண்ணீரில் கணிசமாக இறங்கிவிடும். "சத்து போய்விடும்" என்று அதே தண்ணீரில் வேகவைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிற தவறு. கொட்டிவிட்டு, இரண்டு தடவை அலசி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வெந்ததை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கிப் பாருங்கள். நடுவில் சிறு மணல்போல நறநறவென்று இருந்தால் வேகவில்லை; அந்த வேகாத மாவுச்சத்தும் பெருங்குடலுக்குத்தான் போகும். எவ்வளவு விசில் விட்டாலும் வேகாத கடலை பழைய சரக்கு, கடையை மாற்றுங்கள். ஊறும்போது லிட்டருக்குக் கால் தேக்கரண்டி ஆப்ப சோடா போட்டால் சீக்கிரம் மெத்தென்று வேகும். பி1 வைட்டமின் கொஞ்சம் போகும் என்பதால் எல்லா நாளும் வேண்டாம்.

ராஜ்மாவில் இன்னொரு சங்கதி. சரியாக வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற புரதம், வாயுத் தொல்லையோடு நிற்காமல் வாந்தி, பேதி வரை கொண்டுபோகும். ஊறவைத்து வடித்த பிறகு, தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதிக்க வேண்டும். குக்கர் என்றால் கவலையில்லை. மின்சார ஸ்லோ குக்கரில் மட்டும் நேரடியாகப் போடவே கூடாது, அந்தச் சூடு போதாது.

முளைகட்டினால் வாயு குறையும் என்பது உண்மை. பச்சையாகத் தின்றால் அந்த லாபம் பாதி போய்விடும், கிருமித் தொற்றும் வரலாம். ஆவியில் 10 நிமிடம் வையுங்கள். மீல் மேக்கரைக் கொதிநீரில் போட்டு ஒட்டப் பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, இன்னொரு தடவை பிழியுங்கள். சோயா பால் முழு சோயாவை அரைத்து எடுத்தது, அந்தச் சர்க்கரைகள் அதிலேயே இருக்கும். டோஃபு அப்படியல்ல, உறையவைத்து வடிக்கும்போது பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது.

பலரும் கவனிக்காத இடம் இரவுச் சாப்பாடு. கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றிலும் ஃப்ரக்டான் என்ற இன்னொரு புளிக்கும் சத்து இருக்கிறது. மூன்று சப்பாத்தியும் வெங்காயம், பூண்டு அரைத்த குருமாவும், கூடவே ராஜ்மாவும் என்றால் மூன்று சுமை ஒரே வேளையில். சோறு, ராகி, இட்லிக்கு மாறிப் பாருங்கள். இட்லி மாவு புளிக்கும்போதே உளுந்தின் சர்க்கரையில் ஒரு பங்கு தீர்ந்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் மட்டும் ஊறி, புளிக்காமல் வார்க்கிற அடையில் அது அப்படியே இருக்கும். பூண்டு வாசனை வேண்டுமென்றால் முழுப் பல்லை எண்ணெயில் வதக்கி வெளியே எடுத்துவிடுங்கள். ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. நார்ச்சத்து கூடும்போது தண்ணீரும் கூட வேண்டும், இல்லாவிட்டால் மலம் இறுகி வாயு உள்ளேயே நிற்கும். சாப்பிட்டபின் 15 நிமிட நடை நன்றாக உதவும்.

இப்போது அந்த ஆலோசகர் விஷயம். அவர் சொல்வது அநேகமாக ஐஜிஜி ரத்தப் பரிசோதனை. நூறு, இருநூறு உணவுப் பெயர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்துத் தாள் தருவார்கள். ஐஜிஜி என்பது உடல் உண்டாக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம்; ஓர் உணவுக்கு எதிராக அது ரத்தத்தில் இருந்தால் அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று பொருள், அவ்வளவுதான். ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் அமைப்பு 2008-லேயே உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. நீங்கள் தினமும் சாப்பிடும் கொண்டைக்கடலையும் கோதுமையும் சிவப்பில் வர நல்ல வாய்ப்புண்டு. அதைப் பார்த்துப் பயந்து பத்து உணவை விட்டு, பிறகு அவரிடமே பவுடர் வாங்குவீர்கள். பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அந்தப் பவுடர் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். நிலாவாரை, சென்னா, சோனாமுகி, எந்தப் பெயரில் இருந்தாலும் அது பேதி மருந்து. இரண்டு நாளில் வயிறு தட்டையாவது குடல் காலியானதால். நிறுத்தினால் மலச்சிக்கலும் ஊதலும் திரும்பும், மறுபடி டப்பா வாங்குவீர்கள். வியாபாரமே அதில்தான் இருக்கிறது. மேலே அச்சிட்ட எஃப்எஸ்எஸ்ஏஐ எண் உணவுப் பொருள் விற்பதற்கான உரிமம் மட்டுமே. மருந்தாக வேலை செய்யும் என்று யாரும் சோதித்துக் கொடுத்த சான்று அல்ல. இதைக் கடைத்தெருவில் யாரும் விளக்குவதில்லை, கேட்க வேண்டிய அதிகாரிகளும் கேட்பதில்லை.

மாத்திரைக்கு வருவோம். "கேஸ் மாத்திரை" என்று நம்மூரில் கொடுப்பது பெரும்பாலும் பாண்டோபிரசோல், அல்லது அதோடு டாம்பெரிடோன். பாண்டோபிரசோல் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும். பெருங்குடல் வாயுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து, ஆனால் மிட்டாய்போல எடுத்துக் கொடுக்கிறார்கள். வருடக்கணக்கில் போட்டால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். பாலும் அசைவமும் விட்ட உங்களுக்குச் சாப்பாட்டிலும் பி12 கிடையாது. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு டாம்பெரிடோன் ஆபத்து. நெஞ்செரிச்சலுக்கோ புண்ணுக்கோ டாக்டர் எழுதியதல்ல என்றால் நிறுத்துங்கள், பி12 மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். செரிமான சிரப்பிலும் ஏமாறாதீர்கள். அதில் இருப்பது டயஸ்டேஸும் பெப்சினும். பயறுச் சர்க்கரையை அவை தொடாது. அதை உடைப்பது ஆல்பா கேலக்டோசிடேஸ் என்ற என்சைம். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால், வெளியூரில் விருந்து என்ற நாளில் முதல் கவளத்தோடு ஒன்று போடலாம்.

இனி உங்கள் வயதுக்காக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாயுவால் வரும் ஊதல் ஏறி இறங்கும்: காலையில் தட்டை, மாலையில் பெரிது. ஒரு தையல் டேப் எடுத்து, காலையில் கழிவறை போய்வந்ததும் தொப்புள் மட்டத்தில் அளந்து எழுதுங்கள்; மாலை 6 மணிக்கு மறுபடி. மாலை அளவு கூடி, மறுநாள் காலை பழைய அளவுக்குத் திரும்பினால் வாயுதான். காலை அளவே வாரத்துக்கு வாரம் ஏறினால், உணவை மாற்றிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. 50-ஐ ஒட்டிய பெண்களுக்குப் புதிதாக வந்து, மாதத்தில் 12 தடவைக்கு மேல் வரும் உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர், இவை சூல்பையில் புற்றுநோய் இருப்பதற்கு அறிகுறியாக இருக்கலாம். பெரும்பாலோருக்கு அது இருக்காது. ஆனால் இருப்பவர்களில் பலர் மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை சாப்பிட்ட பிறகே ஸ்கேனுக்கு வருகிறார்கள், ஏனென்றால் ஓ.பி.யில் கிடைக்கும் சில நிமிடத்தில் வயிற்றில் கைவைத்துப் பார்க்கக்கூட ஆள் இல்லை. இந்த அறிகுறிகள் இருந்தாலும், பயறைக் குறைத்து நான்கு வாரம் ஆகியும் ஊதல் போகாவிட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

அப்போது டாக்டரிடம் "கேஸ்" என்று ஆரம்பிக்க வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் பேனா பாண்டோபிரசோலுக்குப் போய்விடும். "காலையிலும் வயிறு இறங்கவில்லை, சீக்கிரம் நிறைந்துவிடுகிறது, இதோ நாலு வார அளவு" என்று தாளை நீட்டி, வயிறும் அடிவயிறும் சேர்த்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கேளுங்கள். அடிவயிற்று ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்பே மூன்று, நான்கு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.