புல்லு மஞ்சளாயிடுச்சுன்னு உடனே பேத்துப் போட்டுடாதீங்க

மாடம்பாக்கத்துல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. வீட்டு முன்னாடி 400 சதுர அடிக்கு கொரியன் கிராஸ்ங்கற லான் புல்லு போட்டு ஒன்றரை வருஷம் ஆகுது, போன ஐப்பசி மழையில வட்ட வட்டமா கருகுச்சு, இப்போ சித்திரை வெயில்ல பாதி மஞ்சள், லான் போட்டுக்கொடுத்தவரு மொத்தத்தையும் பேத்துட்டு ஒரு லோடு செம்மண் கொட்டி புதுசா புல்லு கார்பெட் விரிக்கணும்ங்கறாரு, செய்யலாமா?

வேண்டாம் மேடம். மொதல்ல அந்த மஞ்சள் இடத்துல ஒரு கைப்பிடி புல்லைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க. வரமாட்டேன்னு கெட்டியா இருந்து, அடித்தண்டு வெள்ளையா இருந்தா புல்லு உயிரோடதான் இருக்கு, தண்ணிதான் பத்தல. பாய் மாதிரி சுருட்டிக்கிட்டு வந்துச்சுன்னா அடியில வேர் தின்ற வெள்ளைப்புழு இருக்கா பாருங்க. அப்புறம் ஒரு ஸ்க்ரூ டிரைவரை மண்ணுல குத்துங்க. ரெண்டு இஞ்ச்லயே டக்குனு நின்னா அடியில செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும்தான். வீடு கட்டின குப்பையை அள்ளாம மேலாக்க மண்ணைத் தூவி புல்லை விரிச்சிட்டுப் போறது இங்க ரொம்ப சகஜம், ஒன்றரை வருஷத்துல அது பல்லை இளிக்கும். அந்த இடத்தை மட்டும் ஒரு முக்கால் அடி தோண்டிக் குப்பையை எடுத்துட்டு மண்ணு போடுங்க, போதும்.

அந்த செம்மண் லோடு விஷயத்துலதான் எனக்குக் கோவமே வருது. லாரி வந்ததும் கொட்ட விடாதீங்க, நாலு இடத்துல தோண்டி, கோரைங்கற களையோட கிழங்கு இருக்கான்னு பாருங்க. கறுப்பா, கொண்டைக்கடலை சைஸ்ல முண்டு முண்டா இருக்கும், உடைச்சா உள்ள வெள்ளையா, குளியல் பொடியில போடுவோமே அந்த வாசனை வரும். அது உள்ள வந்துட்டா மேல புடுங்கப் புடுங்க அடியில இருக்கற கிழங்கு முளைச்சிக்கிட்டே இருக்கும், அப்புறம் மருந்தடிக்கறேன்னு அதே ஆளு வருவாரு. கிளைபோசேட்ங்கற களைக்கொல்லியை அடிச்சா கோரையோட உங்க புல்லும் சேர்ந்து சாகும். அதை லைசென்ஸ் வெச்ச பூச்சி மருந்து ஆளுங்க மட்டும்தான் அடிக்கணும்னு 2022லயே மத்திய அரசு உத்தரவு போட்டாச்சு, இருந்தும் வீட்டுக்கு வீடு யாரோ ஒருத்தர் கேன்ல கொண்டுவந்து அடிச்சிட்டுப் போறாங்க, கேக்க ஆளில்ல. லோடுக்கு பில்லும் தரமாட்டாங்க, புல்லு என்ன ரகம்னும் எழுதித் தரமாட்டாங்க. எழுதி வாங்குங்க.

இப்போ வெயிலுக்கு தினமும் மேலாக்க தெளிக்காம, ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி காலையில ஆறு மணி வாக்குல நல்லா ஊற விடுங்க. புல்லு மேல ஒரு தட்டையான டப்பா வெச்சா அதுல முக்கால் இஞ்ச் தண்ணி நிக்கணும். ஒட்ட வெட்டாதீங்க, இருக்கற உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்கவே கூடாது. யூரியா இப்போ வேண்டாம், ஆடியில ஒரு மழை பேஞ்சதும் 400 சதுர அடிக்கு கால் கிலோ, புல்லு ஈரம் காஞ்சதும் தூவி உடனே தண்ணி விடுங்க. புரட்டாசி கடைசியோட யூரியாவை நிறுத்திடுங்க. ஐப்பசி கார்த்திகையில வட்டமா கருகினது பூஞ்சை, தண்ணி தேங்கற பள்ளத்தை மழைக்கு முன்னாடியே மணல் போட்டு மட்டம் பண்ணிட்டா பாதி குறைஞ்சிடும்.

ஒரு இடத்துல மட்டும் நான் பேத்துடுங்கன்னுதான் சொல்லுவேன், அது மாமரத்து நிழல். உங்க வீட்டுல மரம் இருக்கான்னு எழுதல, இருந்தா அதுக்கடியில ஒரு நாள் உக்காந்து எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழுதுன்னு எண்ணுங்க. அஞ்சாறு மணி நேரம் இல்லேன்னா கொரியன் கிராஸ் அங்க நிக்காது, எத்தனை தடவை புதுசா விரிச்சாலும் ஆறு மாசத்துல மெலிஞ்சு மண்ணு தெரியும், உரம் போட்டா இன்னும் சீக்கிரம் போகும். கிளையைக் கழிச்சு வெளிச்சம் விடலாம், இல்ல அந்தப் பகுதிக்கு மட்டும் அகல இலை பஃபலோ கிராஸ் நடலாம், அது கொஞ்சம் நிழல் தாங்கும். ரொம்ப இருட்டா இருந்தா அதுவும் வராது, அங்க புல்லை விட்டுட்டு சருகைப் பரப்பி விட்டுடுங்க.