பெட்டி அடுக்கிய அறைக்கு 14 சதவீதம்

கேள்வி: பிரிட்டனில் 2013இல் சமூக வீடுகளில், அதாவது கவுன்சில் போன்றவை குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் வீடுகளில், இருப்பவர்களின் வாடகை உதவியைக் குறைத்தபோது சனம் ஏன் தெருவில் இறங்கிப் போராடியது? தேவைக்கு மேல் அறை வைத்திருந்தவர்களுக்குத்தானே குறைத்தார்கள்?

அப்போது நான் கிழக்கு லண்டனில் இருந்தேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் மகளை விட்டுவிட்டு வகுப்பு முடியும்வரை நிற்கும் நேரத்தில் எனக்கு ஒரு வேலை வந்து சேரும்: கடிதம் வாசித்துச் சொல்வது. ஆங்கிலம் அவ்வளவாக ஓடாத அக்காமாரும் ஐயாமாரும் வந்த கடிதம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். பாதி உடைக்காமலே இருக்கும். மண்ணிறக் கவர் என்றால் பெனிஃபிட் (அரசாங்க உதவித்தொகை) விஷயம், அதை உடைக்கத்தான் கூடுதல் பயம்.

2013 பெப்ரவரியில் ஒரு அக்கா அப்படி ஒன்றை நீட்டினார். "தம்பி, இதில என்ன கிடக்கு எண்டு ஒருக்கா பாருங்கோ." உங்கள் வீட்டில் தேவைக்கு மேல் ஒரு படுக்கையறை இருக்கிறது, ஏப்ரல் 1 முதல் உங்கள் ஹவுசிங் பெனிஃபிட், அதாவது வாடகை உதவி, வாடகையில் 14 சதவீத அளவுக்குக் குறையும் என்று இருந்தது. வாடகை வாரம் 115 பவுண்ட். அதில் 16 பவுண்டுக்குக் கொஞ்சம் கூட இனிக் கையிலிருந்து கட்ட வேண்டும். நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது, "எங்கட வீட்டில எது மேலதிக அறை?"

அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய கணவருக்கு நீரிழிவில் சிறுநீரகம் போய், இரவில் வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷின் விடியும்வரை ஓடும். இடையில் குழாய் மடங்கினால் கத்தும். அதற்கான திரவப் பைகள் மாதம் ஒருமுறை லொறியில் வரும். அந்தப் பெட்டிகள் இரண்டாவது அறையில் யன்னல் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். பெட்டிகளுக்கும் அலுமாரிக்கும் நடுவில் மிஞ்சிய இடத்தில் ஒரு மடக்கு மெத்தை. அக்கா படுப்பது அதில். அரசாங்கத்தின் கணக்கில் மேலதிகம் என்றது இந்த அறையைத்தான்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். 2012இல் வந்த நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தின் ஒரு பகுதி இது. கவுன்சில் (உள்ளூராட்சி) வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் (இலாப நோக்கில்லாத வீட்டு அமைப்பு) வீட்டிலோ இருந்து வாடகைக்கு உதவி பெறும், ஓய்வூதிய வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத்தான் பொருந்தும். ஒரு அறை கூடுதலாக இருந்தால் வாடகையில் 14 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25 சதவீதம் வெட்டு. கணவன் மனைவிக்கு ஒரு அறை. பத்து வயதுக்குக் கீழே என்றால் ஆணும் பெண்ணும் ஒரே அறை. பதினாறுக்குக் கீழே என்றால் ஆண் பிள்ளைகள் இருவருக்கு ஒன்று, பெண் பிள்ளைகள் இருவருக்கு ஒன்று. அரசாங்கம் இதற்கு வைத்த பெயர் 'மேலதிக அறை மானிய நீக்கம்'. சனம் வைத்த பெயர் பெட்ரூம் டாக்ஸ். எந்தப் பெயர் நின்றது என்று சொல்லத் தேவையில்லை.

அரசாங்கத்தின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் குடும்பங்கள், மறுபக்கம் ஆளில்லாத அறைகள். மாறி இருந்தால் என்ன என்று அப்போதைய அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித் தரப்புக் கேட்டது. தனியார் வீடுகளில் இருப்பவர்களுக்கு 2008 முதலே அறைக் கணக்குப்படிதான் உதவி, இவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை என்றும் கேட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தனியாருக்குக் கொண்டுவந்தபோது புதிதாக விண்ணப்பித்தவர்களுக்குத்தான் பொருத்தினார்கள். இங்கே இருபது வருடமாக அதே வீட்டில் இருப்பவரையும் பிடித்தார்கள். அந்த வீட்டை அவர் கடையில் தெரிவு செய்து எடுக்கவில்லை, கவுன்சில் கொடுத்ததை எடுத்தார். அதோடு தேவைக்கு மேல் அறை உள்ளவர்களில் பெரும் பங்கு ஓய்வூதியக்காரர்கள். அவர்களைத் தொட்டால் வாக்குப் போகும், தொடவில்லை. அக்காவின் மேல்மாடியில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி மூன்று அறையில் தனியாக இருந்தார். அவருக்குக் கடிதம் வரவில்லை. வரக்கூடாது என்றுதான் அக்காவும் சொன்னார், பாவம், நல்ல மனிசி.

கோபத்தின் வேர் எங்கே என்று கேட்டால், என் கணிப்பில் காசு இரண்டாவது. சின்ன வீட்டுக்கு மாறு, இல்லாவிட்டால் தண்டம் என்றார்கள். மாறச் சின்ன வீடு இல்லை. ஒற்றை அறை வீட்டுக்குப் பதிந்தால் வருடக் கணக்கில் வரிசை. லண்டனைவிட இங்கிலாந்தின் வடக்கில் நிலைமை மோசம்: அங்கே சமூக வீடுகள் பெரும்பாலும் குடும்பங்களுக்கென்று இரண்டு, மூன்று அறைகளோடு கட்டப்பட்டவை. தனியார் ஒற்றை அறைக்குப் போனால் வாடகை பல இடங்களில் இன்னும் கூடுதல், அதற்கு அரசாங்கம்தான் அதிகம் கொடுக்க வேண்டி வரும். அரசாங்கமே செய்வித்த மதிப்பீட்டில், முதல் ஆறு மாதத்தில் சமூக வீடுகளுக்குள் சின்ன வீட்டுக்கு மாறியவர்கள் 4.5 சதவீதம்தான். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்து சாப்பாட்டில் குறைத்தார்கள், கடன் வாங்கினார்கள், வாடகை நிலுவையில் விழுந்தார்கள்.

ஆறு லட்சத்து அறுபதாயிரம் வீடுகள் பாதிக்கப்படும் என்பதும் அரசாங்கக் கணக்குத்தான். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு வீடுகளில் உடற்குறையோ நீண்டகால நோயோ உள்ள ஒருவர் இருந்தார். இது நடைமுறைக்கு வரும் முன்பே தெரிந்த கணக்கு. மார்ச் 30ஆம் திகதி லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலும் கிளாஸ்கோவிலும் ஊர்வலம் போனவர்கள் கத்தியது இதைத்தான். செப்டெம்பரில் ஐ.நா.வின் வீட்டு உரிமைச் சிறப்பு அறிக்கையாளர் ரகேல் ரோல்னிக் வந்து பார்த்துவிட்டு இதை நிறுத்துங்கள் என்றார். ஆளும் கட்சிக்கு வந்த கோபம் பார்க்க வேண்டும், ஐ.நா. பொதுச் செயலாளருக்கே முறைப்பாடு எழுதினார்கள்.

இன்னொரு கூத்து, எது படுக்கையறை என்று சட்டம் சொல்லவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டவர் பத்திரத்தில் எழுதியதுதான் கணக்கு. ஆட்கள் டேப் எடுத்து அறையை அளந்து கொண்டு தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். கட்டில் போட்டால் கதவு திறக்காத அறைகள் எல்லாம் வழக்கானது.

அக்காவுக்கு என்ன நடந்தது? கவுன்சிலிடம் விருப்புரிமை உதவி என்று ஒரு நிதி இருந்தது, அதற்குப் படிவம் நிரப்பினோம். சிகரெட்டுக்கு எவ்வளவு, டிவிக்கு எவ்வளவு, போனுக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டது. அக்காவின் கணவர், அண்ணை, பக்கத்துக் கதிரையில் இருந்து ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் கடை வைத்து நடத்திய மனிதர். ஆறு மாதத்துக்குக் கிடைத்தது. திரும்ப விண்ணப்பித்தபோது, அவருக்கு வரும் உடற்குறை உதவித்தொகையையும் வருமானமாகச் சேர்த்து, உங்களுக்குத் தேவையில்லை என்று மறுத்துவிட்டார்கள். நோய்க்கென்று கொடுத்த காசில் வாடகை கட்டு என்ற மாதிரி. நிலுவை ஏறியது, எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதையும் நான்தான் வாசித்துச் சொன்னேன்.

ஸ்கொட்லாந்து தன் நிதியில் இருந்து இந்த வெட்டை ஈடு செய்தது, வட அயர்லாந்தும் அப்படித்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்றும் இருக்கிறது. 2013இல் நாங்கள் வந்தால் எடுத்துவிடுவோம் என்ற லேபர் கட்சி 2024இல் வந்தது, எடுக்கவில்லை. நோயினால் ஒரே அறையில் படுக்க முடியாத தம்பதிகளுக்கு 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது, 2017 ஏப்ரலில் விதி மாறியது.

அக்கா வீட்டுக்கு அந்தத் தீர்ப்பு தேவைப்படவில்லை. 2015இல் அண்ணைக்கு ஓய்வூதிய வயது வந்தது. வெட்டு நிறுத்தப்பட்டது என்று ஒரு கடிதம். அதே அறை, அதே பெட்டிகள், அதே மடக்கு மெத்தை. நான் வாசித்து முடித்ததும், "அப்ப இனி அது மேலதிக அறை இல்லையோ?" என்று கேட்டு அக்கா சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை. பழைய நிலுவையை வாரம் ஐந்து பவுண்டாக அடுத்த வருடம்வரை கட்டினார்கள்.