மகள் சமூக சேவையாளர் ஆகட்டுமா?

அன்புள்ள அம்மா,

தொடக்கக் கல்லூரி முடிக்கும் மகள் சமூகப் பணி படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். "உதவி செய்ய ஆசையென்றால் தொண்டூழியம் செய்யட்டுமே, அதற்கு எதற்கு நாலு வருடப் பட்டம்?" என்ற உங்கள் கேள்விக்கே முதலில் வருகிறேன்.

தொண்டூழியர் சனிக்கிழமை வந்து ஒரு பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். அந்தப் பையன் வீட்டில் அப்பா அம்மாவை அடிக்கிறார், வாடகை பாக்கி நிற்கிறது, பாட்டிக்கு மறதிநோய் என்றால்? யாரை முதலில் காப்பது, போலிஸிடம் போவதா, வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் காம்கேர் நிதியுதவிக்கு விண்ணப்பிப்பதா, பையனை அந்த வீட்டிலேயே விட்டுவைக்கலாமா? இரக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் முடிவு செய்தால் குடும்பத்துக்கே ஆபத்து. அதனால்தான் 1952 முதல் சிங்கப்பூரில் இது பல்கலைக்கழகப் படிப்பாக இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டு முறை களப்பயிற்சி உண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 மணி நேரம். 2009 முதல் தகுதி பெற்றவர்களைப் பதிவு செய்யும் முறையும் வந்துவிட்டது.

சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பட்டம் இருக்கிறது. வேறு பட்டம் வாங்கியவர்கள் பிறகு இத்துறைக்கு மாறவும் அங்கே வழி உண்டு.

சம்பளம்? வங்கி வேலையோடு ஒப்பிடாதீர்கள். தேசிய சமூக சேவை மன்றம் இத்துறைக்குச் சம்பள வழிகாட்டி வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு மகளிடம் பேசுங்கள்.

கடைசிவரை ஒரே மேசையில் உட்காரும் வேலையும் இல்லை. குடும்பச் சேவை நிலையம், மருத்துவமனை, அமைச்சு, முதியோர் இல்லம் என்று மாறலாம், பாடம் நடத்தவும் போகலாம். எஸ். வாசு அவர்கள் சமூகப் பணியில் தொடங்கி, தேசியப் பல்கலைக்கழகத்தில் அத்துறையின் தலைவராக இருந்தார், 1984 முதல் 2001 வரை நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அப்புறம், உங்கள் மகளுக்குத் தமிழ் சரளமாக வருகிறதே, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆங்கிலத்தில் தலையாட்டிவிட்டுப் போகும் ஒரு பாட்டி, தமிழில் கேட்டால்தான் மனம்விட்டு அழுவார்.

எனக்குக் கவலை சம்பளத்தில் இல்லை, மனச்சோர்வில்தான். பிறர் துயரத்தை நாள்தோறும் கேட்பவருக்கு, தன்னைக் கவனிக்க அனுபவமுள்ள ஒரு மேற்பார்வையாளர் கட்டாயம் வேண்டும். நாளை வேலைக்கு நேர்காணல் போகும்போது, "ஒருவருக்கு எத்தனை குடும்பங்கள் தருவீர்கள், மேற்பார்வை எப்படி நடக்கும்?" என்று அவள் கூசாமல் கேட்கட்டும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? தேர்வு முடிந்து ஆகஸ்டில் பல்கலைக்கழகம் திறக்கும்வரை மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. சிங்கப்பூர் இந்தியர்களுக்கான சுயஉதவி அமைப்பான சிண்டாவிலோ பக்கத்துக் குடும்பச் சேவை நிலையத்திலோ தொண்டூழியத்துக்கு அனுப்புங்கள். யார் வீட்டுக் கதையையும் அவள் உங்களிடம் சொல்ல மாட்டாள், சொல்லவும் கூடாது. எது அவளுக்குப் பிடித்தது, எதைத் தாங்க முடியவில்லை என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்வதை எனக்கு எழுதுங்கள், எங்கே விண்ணப்பிப்பது என்று பிறகு மூவரும் உட்கார்ந்து பேசலாம்.